நூலைப் போலச் சேலை

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் இல்லங்களில் அடிக்கடி வழங்கும் பழமொழி. பெண் பார்க்கப் புறப்படும்போது இதன் முற்பாதியை மறவாமல் நினைவிற்கொள்ளும் நாம், பிற்பாதியை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். நெய்வதாயினும் பின்னுவதாயினும், நூல் எத்தகையதோ அத்தகையதே ஆடை. கைத்திறன் எவ்வளவு இருந்தாலும், நூல் பொருந்தாவிடில் உழைப்பு வீணே. இந்த உண்மையை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. வெட்கப்பட்டு, வருந்திக் கற்றுக்கொண்டோம். அந்தக் கதையையே இம்மாதம் இப்பகுதியில் நம் தாய்மார்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையை ஒட்டி அமைந்துள்ளது கள்ளிக்குப்பம். கள்ளிச் செடியின் பெயரைத் தாங்கிய இவ்வூர், 2011-ஆம் ஆண்டில் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. இங்குள்ள நம் குடும்பப் பெண்கள் பதினொருவர், சனிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பின்னல் வேலை பழகுவது வழக்கம். அவர்களுக்குக் கற்றுத் தருபவர், தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு கைம்பெண். எல்லாரும் அவரை "டீச்சரம்மா" என்றே அழைப்பர். எழுபதைக் கடந்தும் ஊசிகளைப் பாராமலே பின்னும் கை அவருடையது.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை தொடங்கிய நாள்களில், ஓர் எண்ணம் பிறந்தது. அரசு மருத்துவமனை ஒன்றில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கலாம் என்று ஒரு சகோதரி சொன்னார். அனைவரும் மகிழ்ந்தோம். நூல் வாங்கும் செலவைத் தாமே ஏற்பதாக டீச்சரம்மா முன்வந்தார். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம் அது. நாமும் அவரோடு மின்சார ரயிலேறிப் பாரிமுனைப் பக்கம் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் எடுத்துப் போட்ட நூற்கண்டுகளில், பூனைக்குட்டியின் மயிர்போல் பஞ்சுபஞ்சாய் மென்மயிர் எழுந்து நின்ற நூல் ஒன்று இருந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் மின்னிற்று. விலையும் குறைவு. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இதைவிடக் குழந்தைக்கு ஏற்ற நூல் உண்டா?" என்று முதலில் சொன்னது வேறு யாருமல்லர், நாமே.

மூன்று வாரங்களில் நாற்பது தொப்பிகள் ஆயின. சிலவற்றின் உச்சியில் குஞ்சமும் வைத்தோம். சிலவற்றில் காதோரம் நாடா கட்டினோம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, குழந்தைகள் பிரிவின் செவிலியர் அவற்றை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தார். பின்னர் மிகுந்த தயக்கத்தோடு, "அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனசு பெரிது. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் குழந்தைகளுக்குப் போட முடியாது" என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார்.

டீச்சரம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. தொப்பிகளை மடித்துப் பையில் வைத்தார். ரயிலில் சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்தபடியே வந்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நாம் அவர் வீட்டுக்குச் சென்றபோது ஊசிகள் அலமாரிக்குள் போயிருந்தன. "கண்தான் மங்கிற்று என்றிருந்தேன், புத்தியும் மங்கிவிட்டது போலும். இனி இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

அப்போதுதான் நம் மனச்சாட்சி உறுத்திற்று. அந்த நூலை முதலில் புகழ்ந்தவர் நாம் என்பதை, திண்ணையில் எல்லார் முன்னிலையிலும் நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதியவர் ஒருவர் தனியே பழியைச் சுமக்க விட்டுவிட்டோம். "டீச்சரம்மா, அன்று கடையில் இது நல்ல நூல் என்று உங்கள் கையில் திணித்தவர்கள் நாங்கள்தாம், மன்னிக்க வேண்டும்" என்றோம். அவர் நெடுநேரம் நம்மைப் பார்த்தார். பிறகு எழுந்து, பழைய கணக்குப் புத்தகம் ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்தார். "சரி, அந்த சிஸ்டர் என்ன குறை சொன்னார்கள்? ஒவ்வொன்றாகச் சொல்" என்றார்.

நமக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் இருவருமாய் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்று கேட்டோம். முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போது கேட்டோம். அந்தச் செவிலியர் அலுக்காமல் அரைமணி நேரம் விளக்கினார். டீச்சரம்மா அவற்றைக் கணக்குப் புத்தகத்தில் நான்கு கேள்விகளாக எழுதிக்கொண்டார். அந்த நான்கும் பின்னல் பின்னுவோர் யாவருக்கும் உதவும் என்பதால் இங்கே விரித்துரைக்கிறோம்.

முதற் கேள்வி: யாருக்கு?

பிறந்த குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பெரிது. ஆகவே தலைவழியே இழக்கும் வெப்பமும் மிகுதி. எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ள அதனால் இயலாது. 1978-ஆம் ஆண்டு, தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், வெதுவெதுப்பூட்டும் பெட்டிகள் போதாமல் திண்டாடிய மருத்துவர் எட்கர் ரே என்பவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காருத் தாய் தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பதுபோல் இருந்தமையால் அதற்குக் "கங்காரு முறை" என்று பெயர் வந்தது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இம்முறை வழக்கில் உள்ளது. தாயின் மார்பில் கிடக்கும் அக்குழந்தைக்கு வேண்டுவன ஓர் அரைக்கச்சையும், காலுறையும், ஒரு தொப்பியுமே.

அந்தத் தொப்பி பஞ்சு பறக்கும் நூலால் ஆனதாயின் என்ன ஆகும்? உதிரும் மென்மயிர் குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகும். குஞ்சமும் பொத்தானும் கழன்றால் தொண்டையில் சிக்கும். நாடா கழுத்தைச் சுற்றும். உட்புறம் தொங்கும் தளர்ந்த இழையும் ஆபத்தே. காலுறையிலோ கையுறையிலோ அத்தகைய இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி, இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆகவே குழந்தைக்கு வேண்டுவது வழவழப்பான, நன்கு முறுக்கேறிய, மயிர் எழாத நூல். ஓரங்களின் இழைகள் யாவும் உள்ளே செருகிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே தாய்மார்களுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்குச் சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பியும் காலுறையும் மாட்டிப் போர்த்தி வைப்பது அன்பு அன்று. குளிர் வருத்துவது போலவே மிகைச் சூடும் குழந்தையை வருத்தும். வீட்டில் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி தேவையில்லை. ஐயம் இருப்பின் மருத்துவரைக் கேட்பதே முறை.

இரண்டாம் கேள்வி: எந்த ஊரில், எந்தப் பருவத்தில்?

நூலின் குணம் அது எதனால் ஆயது என்பதைப் பொறுத்தது. கடையில் "உல்லன்" என்று சொல்லி விற்பதெல்லாம் ஆட்டு ரோமம் அன்று. நம் கடைகளில் அப்பெயரால் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. இது பெட்ரோலியத்திலிருந்து பெறும் வேதிப்பொருளால் ஆவது. 1950-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் "ஆர்லான்" என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை மலிவு, வண்ணம் மங்காது, பூச்சி அரிக்காது. ஆயினும் வியர்வையை உறிஞ்சாது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் அக்ரிலிக் தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவே ஈரத்தை ஏற்கும். பருத்தியோ ஏறத்தாழ 8 பங்கும், ஆட்டு ரோமம் ஏறத்தாழ 16 பங்கும் ஏற்கும். புழுக்கம் மிகுந்த சென்னையில் அக்ரிலிக் தொப்பியணிந்த குழந்தையின் தலை நனைந்து, அந்த ஈரமே பின்னர் குளிராக மாறும்.

ஆட்டு ரோமத்தின் சிறப்பு, ஈரத்தை ஏற்றும் ஈரமாய்த் தோன்றாமல் வெப்பத்தைக் காப்பது. ஆனால் எல்லா ரோமமும் ஒன்றன்று. இழையின் பருமனை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தடித்த இழைகள் கலந்தால் தோலில் குத்தும், அரிக்கும். தக்காண ஆடுகளின் தடித்த ரோமம் இடையர்கள் போர்த்தும் கம்பளிக்கு ஏற்றது. குழந்தையின் தோலுக்கு ஏற்றதன்று. மெரினோ என்னும் இன ஆட்டின் ரோமமோ பொதுவாக 24 மைக்ரானுக்குக் குறைவானது. நம் மாநிலத்திலேயே நீலகிரி ஆடு மென்ரோமத்துக்குப் பெயர் பெற்றது. உதகையை அடுத்த சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரிலும் ஆட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன.

பருத்தியின் குணம் வேறு. வியர்வையை உறிஞ்சும், தோலைக் குத்தாது, காற்றோட்டம் தரும். குறை என்னவெனில், அதற்குத் தானாக நீண்டு சுருங்கும் தன்மை இல்லை, எடையும் கூடுதல். ஆயினும் பின்னலின் கண்ணிகளே அந்த நெகிழ்ச்சியை ஓரளவு தந்துவிடும். திருப்பூர் பனியன் பருத்தியே. அதுவும் பின்னலே. தினமும் நம் வீட்டு ஆண்கள் அணியும் அதனை இழுத்துப் பாருங்கள், உண்மை விளங்கும். பருத்தியில் "மெர்சரைஸ்" செய்த நூல் என்று ஒன்று உண்டு. 1844-இல் ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர், காரக் கரைசலில் பருத்தியைத் தோய்த்தால் அது உறுதி பெறுவதையும் சாயத்தை நன்கு ஏற்பதையும் கண்டார். பின்னாளில், நூலை இழுத்துப் பிடித்தபடி தோய்த்தால் பட்டுப்போல் பளபளப்பும் வரும் என்று கண்டனர். மேசை விரிப்புக்கும் பூவேலைக்கும் இது மிக நன்று. குழந்தையின் தொப்பிக்கு, இந்தப் பளபளப்பு இல்லாத மென்மையான பருத்தியே இதம் தரும்.

ஆகவே கள்ளிக்குப்பத்துக் குழந்தைக்குப் பருத்தி. கொடைக்கானல் குழந்தைக்கு மெல்லிய ஆட்டு ரோமம். வடநாட்டில் குளிரில் பணிபுரியும் மகனுக்கு ரோமம், அல்லது ரோமமும் செயற்கை இழையும் கலந்த நூல். மார்கழிப் பனியில் விடியற்காலைப் பூசைக்கு வரும் பாட்டியின் போர்வைக்கு அக்ரிலிக்கே போதும், கனமின்றி இருக்கும். எந்த நூலும் தன்னளவில் தீயதன்று. இடம் மாறினால்தான் தீங்கு.

கடையில் வாங்கிய நூல் இன்னதென ஐயம் எழுந்தால், சாண் நீளத் துண்டொன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலாக, பிள்ளைகள் அருகில் இல்லாதபோது நெருப்பில் காட்டுக. பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். ஆட்டு ரோமம் தலைமயிர் பொசுங்கும் நாற்றத்தோடு மெல்லக் கருகி, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். அதன் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிப் புகைந்து எரிந்து, கெட்டியான கருமணியாய் உறையும். இது ஒன்றே போதும், அடுப்பருகில் வேலை செய்யும் பெண்களும் சிறுபிள்ளைகளும் அணியும் ஆடையில் எச்சரிக்கை வேண்டும் என்பதை உணர்த்த. கலப்பு நூலாயின் இச்சோதனை முழு விடை தராது. அப்போது சீட்டில் அச்சிட்டதையே நம்ப வேண்டும்.

மூன்றாம் கேள்வி: துவைப்பவர் யார்?

இதை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. மருத்துவமனைத் துணிகளைக் கொதிநீரில் துவைத்துக் கிருமி நீக்குவர். நம் வீட்டில் கைக்குழந்தையின் துணிகளை வெந்நீரில் அலசுவது போலவே அதுவும். பருத்தி இதனைத் தாங்கும். ஆட்டு ரோமத்தைச் சுடுநீரில் இட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, தொப்பி பொம்மைக்கு அளவாகிவிடும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலிட்டு, முறுக்காமல் துண்டில் வைத்து அமுக்கி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்து உலர்த்துவதே ரோமத்துக்கு உரிய முறை. அக்ரிலிக்கோ சூட்டில் தளர்ந்துவிடும். சூடான இஸ்திரிப்பெட்டி ஒருமுறை அழுந்தினால் உயிரற்றுத் தொய்ந்துவிடும், மீண்டும் நிமிராது.

பரிசாகக் கொடுக்கும்போது இது இன்னும் முக்கியம். கைக்குழந்தையோடு தவிக்கும் ஓர் இளந்தாய்க்கு, தனியே குளிர்நீரில் அலச வேண்டிய ஆடையைக் கொடுப்பது அவளுக்கு ஒரு வேலையைக் கூட்டுவதே. நூற்கண்டின் மேலுள்ள காகிதச் சீட்டைத் தூக்கியெறியாமல் ஆடையோடு சேர்த்துக் கொடுங்கள். அடர்ந்த நிறப் பருத்தியாயின், முதலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் கேள்வி: எந்த ஊசி, எத்தனை கண்ணி, எவ்வளவு நூல்?

நூலின் பருமனைப் பழைய வழக்கப்படி "ப்ளை" என்பர். எத்தனை புரிகள் சேர்த்து முறுக்கியது என்பதே அதன் பொருள். ஆனால் மெல்லிய புரி நான்கு சேர்ந்தும் மெல்லிய நூலாகலாம்; தடித்த புரி இரண்டு சேர்ந்தும் தடித்த நூலாகலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

ஊசியின் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் பெரும்பாலும் பழைய ஆங்கிலேய முறை எண்ணே வழங்குகிறது. அதில் எண் பெருகப் பெருக ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர். 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், 14-ஆம் எண் 2 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ எண் பெருக ஊசியும் பருக்கும்; அங்கே 8-ஆம் எண் 5 மில்லிமீட்டர். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து நம்மூர் ஊசியால் பின்னி, சட்டை சிறுத்துப் போனதாகச் சொல்லி வருந்துவோர் உண்டு. மில்லிமீட்டரையே கணக்கிற்கொண்டால் இத்தொல்லை இல்லை.

இனி, டீச்சரம்மா நம் எல்லாரையும் கட்டாயப்படுத்தும் ஒன்றைச் சொல்கிறோம். எதைப் பின்னுவதற்கு முன்னும், அதே நூலால் அதே ஊசியால், பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு சதுரத்தை மாதிரியாகப் பின்ன வேண்டும். பின்னர் அதனை உண்மையில் எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துவைத்து, உலர்த்தி, பத்து சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். ஒரு மாலைப்பொழுது இதற்குச் செலவாகும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 34, 35 சென்டிமீட்டர், எடை குறைந்த குழந்தைக்கு அதனினும் குறைவு. 32 சென்டிமீட்டர் தலைக்குத் தொப்பி சற்றே சிறிதாய், 30 சென்டிமீட்டர் இருந்தால்தான் நழுவாது. பத்து சென்டிமீட்டருக்கு 24 கண்ணி எனில், 72 கண்ணிகள் ஏற்ற வேண்டும். நம் கை சற்றுத் தளர்வாய் இருந்து, உண்மையில் பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணியே அமைந்தால், அதே 72 கண்ணிகள் 36 சென்டிமீட்டராகிவிடும். தொப்பி குழந்தையின் கண்ணையும் மூக்கையும் மூடும். பத்து சென்டிமீட்டரில் நான்கு கண்ணிப் பிழை, முழுத் தொப்பியில் ஆறு சென்டிமீட்டராய் வளர்கிறது.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதற்கும் எளிய வழி உண்டு. ஒரு தொப்பியை முடித்து, சிறு தராசில் நிறுத்து, அந்த எடையை எண்ணிக்கையால் பெருக்கிச் சற்றுக் கூட்டி வாங்குங்கள். ஒரே ஆடைக்கு வேண்டிய நூலனைத்தையும் ஒரே நாளில், ஒரே சாயத் தொகுதி எண் உடையதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த எண் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். வேறு தொகுதியின் வெள்ளையும் வேறு வெள்ளையே. கடைவிளக்கில் ஒன்றாய்த் தோன்றியவை, வெயிலில் இரண்டாய்த் தெரியும்.

இவ்வளவு ஆராய்ச்சி ஒரு தொப்பிக்கா என்று சிலர் நகைக்கலாம். நூலையறிந்து வேலை செய்த பெண்களின் வரலாறு நம் நாட்டில் புதிதன்று. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சீர்திருத்தச் சபைப் போதகர் சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், அங்குள்ள பெண்களுக்கு நூற்பின்னலாகிய லேஸ் வேலையைக் கற்பித்தார். ஏழைப் பெண்கள் தம் கையால் பொருள் ஈட்ட அது வழி திறந்தது. 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்து, அநாதைக் குழந்தைகளைப் பேணித் துறவற சபை ஒன்றையும் நிறுவிய அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் அவர்களின் கன்னியர் இல்லத்திலும் லேஸ் வேலை தழைத்தது. லேசுக்கு உரிய நூல் மெலிந்தும் முறுக்கேறியும் இருக்க வேண்டும். நூல் தளர்ந்தால் பூ உருக்குலையும். நூலின் தரம் அப்பெண்களுக்கு வெறும் அழகுணர்ச்சி அன்று. அன்றாட அரிசி அதில் இருந்தது.

நம் காலத்திலும், 2016-ஆம் ஆண்டு சனவரியில், "மதர் இந்தியாஸ் குரோசே குயின்ஸ்" என்னும் பெண்கள் குழுவினர் சென்னையில் 11,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட கொக்கிப் பின்னல் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். பல ஊர்ப் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகள் ஒன்றாய் இணைந்த போர்வை அது. அளவு ஒத்துவந்தால்தானே பலர் கைவேலை ஒன்றாய் இணையும்?

நம் கதைக்கு வருவோம். இம்முறை நூல் வாங்க டீச்சரம்மாவின் ஓய்வூதியத்தைத் தொடவில்லை, பதினொருவரும் பங்கிட்டுக்கொண்டோம். கடைக்காரர் மீண்டும் பஞ்சு நூலையே எடுத்துப் போட்டார். டீச்சரம்மா அதைத் தொடவும் இல்லை. மூன்று வகைப் பருத்தியில் ஒவ்வொரு கண்டு மட்டும் வாங்கினார். மூன்றிலும் மாதிரிச் சதுரம் பின்னி, கொதிநீரில் இட்டு எடுத்து, உலர்த்தி அளந்தார். ஒன்று மிகச் சுருங்கிற்று, ஒன்று சாயம் விட்டது, மூன்றாவது நின்றது. அந்தச் சதுரத்தை முதலில் செவிலியரிடம் காட்டி, அவர் சம்மதம் பெற்ற பின்னரே மீதி நூலை வாங்கினோம். குஞ்சம் இல்லை, நாடா இல்லை, பொத்தான் இல்லை. விளிம்பில் மட்டும், நெகிழ்ந்து பிடிக்கும் வரிப்பின்னல். பார்வைக்கு முந்தைய தொப்பிகளின் அழகில் பாதியும் இல்லை என்று நம்முள் சிலர் முணுமுணுக்கவும் செய்தனர்.

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் முப்பது தொப்பிகளைக் கொண்டு சென்றோம். செவிலியர் ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பி, இழைமுனை எங்கேனும் தொங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு, "இதைத்தான் அம்மா கேட்டோம். இன்னும் சிறியதாய்ப் பத்து கிடைக்குமா?" என்றார். டீச்சரம்மா உடனே கணக்குப் புத்தகத்தைத் திறந்து, "தலைச்சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லுங்கள் சிஸ்டர்" என்றார்.

திருப்பி வந்த அந்த நாற்பது தொப்பிகள் என்னவாயின என்று கேட்பீர்கள். பஞ்சு நூலைப் பிரித்தெடுப்பது அரிது. மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஆகவே வெள்ளைத் தொப்பிகளை வெட்டி, பிள்ளைகள் செய்த குடிலில் அட்டை ஆட்டுக்குட்டிகளுக்குத் தோலாக ஒட்டினோம். எளிதில் தீப்பற்றும் என்பதால் மெழுகுவர்த்தியைக் குடிலருகில் வைக்கவில்லை. அவ்வாண்டு நம் ஆடுகளைப் போல் மென்மயிர் நிறைந்த ஆடுகள் அக்கம்பக்கத்தில் எங்கும் இல்லை என்று பிள்ளைகள் பெருமை பேசிக்கொண்டனர்.

டீச்சரம்மாவின் கணக்குப் புத்தகத்தில் இப்போது பக்கத்துக்கு ஒரு மாதிரிச் சதுரம் ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அருகே நூலின் பெயர், ஊசியின் அளவு, துவைக்குமுன் கண்ணி எத்தனை, துவைத்தபின் எத்தனை என்பன குறிக்கப்பட்டுள்ளன. முதற்பக்கத்தில் இருப்பது அந்த இளஞ்சிவப்புப் பஞ்சு நூல்தான். அதனருகே அவர் எழுதியிருப்பது: "கேட்காமல் வாங்கியது."

அன்புள்ள தாய்மார்களே! வரும் மழைக்காலத்தில் நீங்களும் ஊசியை எடுப்பீர்கள். கண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்க்குமுன், அதனை அணியப் போகிறவரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்டும் பிழை நேர்ந்தால், அந்தப் பிழையைத் திண்ணையில் எல்லாருமாய்ப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.